அடிவரிப் பச்சியப்பன்

எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் பச்சியப்பனுடைய கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். அங்கே சற்று நின்று, மூக்கை ஒரு தரம் உறிஞ்சிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வரியாக மேலே ஏறும். என் மகள் கல்யாணப் பத்திரிகையை அவனிடம் நீட்டினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சுக்கூடத்தின் விலாசத்தை உரக்கப் படித்தான். அப்புறம் சாப்பாட்டு நேரம், அப்புறம் மாப்பிள்ளையின் ஊர், அப்புறம் முகூர்த்தம் என்று ஏறிக்கொண்டே போய் உச்சியில் பெண்ணின் பெயரைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம ராணியம்மாளுக்கா கண்ணாலம்!" என்று வாயைப் பிளந்தான். பத்திரிகை கொடுத்தவன் நான் எதிரே நிற்கிறேன். வேறு யாருக்குக் கல்யாணம் என்று நினைத்தானோ தெரியாது. ஊரில் அவனுக்கு அடிவரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

பச்சியப்பன் தபால் ரன்னர். அரூரிலிருந்து காலையில் தபால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக எங்கள் ஊருக்கு வருவான். இங்கே அதைப் பிரித்துக் கட்டியதும் மலையடிக் கிராமங்களுக்கான சிறு மூட்டையோடு சித்தேரிப் பக்கம் கிளம்பிவிடுவான். கையில் சலங்கை கட்டிய ஈட்டி. கரடி விலகிப்போவதற்காக அந்தச் சலங்கை என்று சர்க்காரில் சொல்லியிருக்கிறார்களாம். "கரடி வெலகுதோ இல்லையோ, பொம்பளைங்க வெலகிப் போறாங்க. ஊருக்குள்ள வந்தா கோயில் மாடு வருதுன்னு சிரிக்கறாங்க" என்பான். என் புளி மண்டி தபாலாபீசுக்கு எதிர்ச்சாரியில் இருப்பதால் அவனுடைய வரவும் போக்கும் எனக்குத் தப்பாது. தராசைப் பிடித்துக்கொண்டே அவன் நடையைக் கவனித்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அது ஓட்டமில்லை. வலது முழங்கால் வீங்கி முற்றிய பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. எருக்கிலையைச் சுட்டு வைத்துக் கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வருகிறான்.

இவன் ஓட்டத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் அவனுக்கே கோபம் வரும். "ஓடறதுல என்னங்கண்ணா இருக்குது? நாயும்தான் ஓடுது. போஸ்டுமேன்னா நடக்கலாம். நெழல்ல நின்னு நாலு பேச்சுப் பேசலாம். தலையில காக்கி முண்டாசு, தோள்ல பையி. வூடு வூடா 'வாங்க'ன்னு கூப்புடுவாங்க. ரன்னரை எவன் கூப்புடறான்?"

எங்கள் ஊர் போஸ்டுமேன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அந்த இடம் காலி. ரன்னர் ஒருவன் பரீட்சை பாஸ் செய்தால் அந்த இடத்துக்கு வரலாம் என்று ரூல் இருக்கிறது. தமிழில் எழுதிக் காட்டவேண்டும், கணக்குப் போடவேண்டும், கடைசியாக இங்கிலீஷ் வாசிப்பு. முதல் இரண்டையும் பச்சியப்பன் தாண்டிவிட்டான். வாசிப்புதான் பாக்கி. அதை அவன் 'ரீடிங்கு' என்பான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான். வீட்டில் சீக்காளி இருக்கிற மாதிரி.

எனக்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தமில்லை. மூன்றாம் கிளாஸில் வாத்தியார் என் காதைத் திருகினார், நான் ஸ்லேட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். ஆகையால் இவன் படித்தது சரியா தப்பா என்று நான் சொல்லப் போவதில்லை. படித்த விதத்தைத்தான் சொல்கிறேன். அதைப் பார்த்து எத்தனை நாள் வாயடைத்து நின்றிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இவனுக்குப் பாடப் புஸ்தகம் கிடையாது. கிழித்துப் போட்ட கவர்கள்தான். ரிஜிஸ்திரார் ஆபீஸ் குப்பை, வக்கீல் வீட்டுக் குப்பை, என் மண்டிக் குப்பை எல்லாவற்றையும் கிளறுவான். உள்ளே இருந்த காகிதத்தைத் தொடமாட்டான். "அடுத்தவங்க சமாசாரம் நமக்கெதுக்குங்க? மேல எழுதியிருக்கறது ஊருக்குப் பொதுவு" என்பான். பொறுக்கிய கவர்களைக் கம்பியில் குத்தி மாட்டிக்கொள்வான். போகும் வழியில் ஒன்றை எடுத்து ஈட்டி முனையில் செருகி, ஈட்டியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, படித்துக்கொண்டே போவான். முதல் தடவை அந்தக் கோலத்தில் அவனைப் பார்த்தபோது, வெயிலில் மூளை கலங்கிவிட்டது, யாரையோ குத்தப் போகிறான் என்று நினைத்து, அரைக்கட்டு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். "சேலம் ஜில்லா… அரூர் தாலுக்கா…" என்று முனகிக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அடியிலிருந்து படிக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. மூட்டை கட்டுகிற இடத்தில் யாரும் பெயரைப் பார்ப்பதில்லை. கடைசி வரியில் ஊர் இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கவேண்டும். பிறகு தெரு. ஆள் பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில். "ஊரு தெரியாம பேரு தெரிஞ்சு என்னங்க பண்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

ஒருநாள் ரொம்ப யோசனையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "அண்ணா, இந்தக் கலெக்டரு, வக்கீலு, தோல் மண்டிக்காரரு, எல்லாரும் ஒரே சாதிங்களா?"

"யார்ரா சொன்னது?"

"எல்லாருக்கும் பேருக்குப் பின்னால எஸ்கொயரு எஸ்கொயருன்னு போட்டிருக்குதுங்க. கவுண்டரும் எஸ்கொயரு, முதலியாரும் எஸ்கொயரு, உசேன் சாயபும் எஸ்கொயரு. உங்க கவர்லதான் அது இல்ல."

கேட்டுக்கொண்டிருந்த கூலிக்காரர்கள் சிரித்தார்கள். அது பெரிய மனுஷருக்கு இங்கிலீஷில் போடுகிற மரியாதை வால் என்று எனக்குத் தெரியும். அன்று முழுக்க மனசு சரியில்லை.

படிப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாளாக ஆகப் பேச்சும் அடியிலிருந்து ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு மத்தியானம் மண்டிக்குள் மூச்சு வாங்க வந்து தூணைப் பிடித்துக்கொண்டான்.

"செத்துப்போச்சுங்கண்ணா."

என் கையிலிருந்த படிக்கல் நின்றது. என் மாமியார் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் படுத்த படுக்கையாக இருந்த சமயம்.

"ராத்திரியெல்லாம் இழுத்துக்கிட்டிருந்துச்சாம். விடியால கொட்டாயில போயிப் பாத்தா வெறச்சுக் கெடக்குதாம். எம் பொண்டாட்டிகூடப் போயி ஒரு பாட்டம் அழுதுட்டு வந்தா."

"கொட்டாயிலா? கொட்டாயிலயா போட்டு வெச்சிருந்தானுக?" தராசைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "யார்ரா? சொல்லித் தொலைடா!"

"சென்னப்பனோட எருமைங்க."

படிக்கல்லை அவன் மேல் போட்டிருப்பேன். தர்மம் தடுத்தது. "எருமைன்னு மொதல்ல சொல்றதுக்கு என்னடா?" என்று கத்தினேன். அவன் கொஞ்சமும் அசையவில்லை. "அதான் கடைசியில வருதில்லீங்க" என்றான்.

போன வருஷம் தருமபுரிக்குப் போய் முதல் தடவை வாசிப்புக்கு உட்கார்ந்தான். திரும்பி வந்து எனக்குச் சொன்னதும் அதே வரிசையில்தான். "பெயிலுங்கண்ணா" என்று ஆரம்பித்தான். அரைப் பக்கம் அச்சடித்த காகிதத்தைக் கொடுத்தார்களாம். பசு மாட்டைப் பற்றியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டான். இவன் கடைசி வரியில் ஊரைத் தேடியிருக்கிறான்.

"ஊரே இல்லீங்கண்ணா. அடியிலருந்து தல வரைக்கும் தடவிப் பாத்துட்டேன். ஒரு ஜில்லா இல்ல, ஒரு தாலுக்கா இல்ல. ஊரில்லாத காயிதத்தை எவன் கொண்டுபோயிக் குடுப்பான்?"

"அப்புறம்?"

"படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். கீழருந்து ரெண்டு வரி ஏறியிருப்பேன். அந்த ஐயா எந்திரிச்சே நின்னுட்டாருங்க. 'ஏம்ப்பா, மாட்டை வாலைப் புடிச்சு வூட்டுக்குள்ள இழுக்கறயே, உனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?'ன்னு கேட்டாரு."

இன்னும் ஒரு தடவைதான் உட்காரலாம். அதற்கப்புறம் வயசு தாண்டிவிடும். முழங்கால் அதுவரைக்கும் தாங்குவதே கஷ்டம். மூட்டை நேரத்துக்கு வராவிட்டால் ரன்னரை மாற்றிவிடுவார்கள். இவனுக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. மூட்டை போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. இது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

தோல் மண்டி உசேன் சாயபுதான் இவனுக்கு வைத்தியம் சொன்னார். பதம் போட்ட ஆட்டுத்தோலில் ஒரு துண்டு அறுத்து, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி சந்து வெட்டிக் கொடுத்தார். "இதை மேல் வரியில் வை. படிச்சதும் கீழே இறக்கு. அடி வரி கண்ணுல பட்டாத்தானே ஓடுவே?" என்றார். பச்சியப்பன் அந்தத் தோலை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தான். மண்டி முழுக்க நாற்றம் அடித்தது.

"மொத வரியில கண்ணு நிக்கமாட்டேங்குதுங்கண்ணா. கீழ என்ன இருக்குதோ என்ன இருக்குதோன்னு பதறுது."

"பதறினாப் பதறட்டும். வை தோலை."

சண்டை வந்ததிலிருந்து வாசிப்பில் தந்தியும் சேர்த்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு இங்கிலீஷ் தந்தி வந்தால் போஸ்டுமேன்தானே படித்துச் சொல்லவேண்டும்? ஆகவே இவன் தந்திக்கும் தயாரானான். எங்கள் ஊரில் தந்தி வருகிற ஒரே ஆள் உசேன் சாயபு. பட்டணத்திலிருந்து தோல் கம்பெனிக்காரர்கள் அடிக்கிற பழைய தந்திகளைக் கட்டோடு கொடுத்தார். விலை இறங்கிவிட்டது, சரக்கை நிறுத்து, போன லோடில் ஓட்டை, வருத்தப்படுகிறோம், வேண்டாம். இவையெல்லாம் பச்சியப்பனுக்கு இங்கிலீஷில் தலைகீழ்ப் பாடம். தலைகீழ் என்றால் உண்மையாகவே தலைகீழ். "சாயபுக்கு நல்ல தந்தி ஒண்ணுகூட வர்றதில்லீங்கண்ணா. பாவமா இருக்குது" என்று எனக்கு ரகசியமாகச் சொன்னான்.

அவன் மனைவி செல்லம்மாள் என்னிடம் வந்து அழாத குறையாக முறையிட்டாள். "வூடு பூராக் காயிதமுங்க. அடுப்புல போட்டா ஒரு வேள கூழாவது காயும். தொட்டா அடிக்க வர்றாரு. சோறு திங்கறப்பவும் மடியில தோலு. எங்க சாமி இதையெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்குதா?" சொல்லிவிட்டுப் போகிறபோது என் மண்டி வாசலில் கிடந்த இரண்டு கவர்களை அவளே குனிந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

போன மாசி மாதம், வெயில் ஏறிவிட்ட ஒரு நாள், இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கே வந்தார். தபாலாபீஸ் கணக்கைப் பார்த்துவிட்டு, உள்ளே புழுக்கம் என்று வராந்தாவில் மேஜை போடச் சொன்னார். பரீட்சையும் அங்கேதான். நான் ஒரு பார்சல் ரிஜிஸ்தர் செய்கிற சாக்கில் போய் நின்றுகொண்டேன். படிக்கட்டில் கருப்பி உட்கார்ந்திருந்தாள். மலையடியிலிருந்து, தோலுக்குப் பதம் போடுகிற கடுக்காய் கொண்டுவந்து உசேன் சாயபு மண்டியில் போட்டுவிட்டு, புளி இருந்தால் எனக்குப் போட்டுவிட்டு, தபாலாபீசில் மகன் காகிதத்தைக் கேட்டுவிட்டுப் போகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் கரியன் பட்டாளத்துக்குப் போனவன். பர்மாப் பக்கம் என்று சொல்வாள். பர்மா எங்கே என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"ஏப்பா பச்சியப்பா, வெள்ளக்காரன் பாச படிச்சுப்புட்டா நாங்கெல்லாம் உங் கண்ணுக்குத் தெரிவமா?" என்றாள்.

"வெத்தலையைத் துப்பிட்டு உக்காருக்கா. ஆபீசரு வந்திருக்காரு."

"ஏன், ஆபீசரு வெத்தல போட மாட்டாரா? உம் பரிச்ச கெடக்குது. எங் கரியன் காயிதம் வந்திருந்தா மொதல்ல எடுத்துக் குடு."

"மூட்டை இன்னும் பிரிக்கலக்கா. சித்த இரு."

இன்ஸ்பெக்டர் நடுவயசுக்காரர். சிடுசிடுப்பு இல்லை. முதலில் ஒரு கட்டுக் கவர்களைக் கொடுத்தார். பச்சியப்பன் சீட்டு விசிறுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து ஊர், தெரு, பெயர் என்று சொல்லிச் சொல்லி அடுக்கினான். திக்கவில்லை, திணறவில்லை. பெயருக்குப் பின்னால் வருகிற எஸ்கொயரையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். என் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று போயிற்று.

"சரி. இனி தந்தி. மாதிரித் தந்தி இருக்கிறதா?" என்று உள்ளே திரும்பிக் கேட்டார். போஸ்ட் மாஸ்டர் அந்த மாதந்தான் மாற்றலாகி வந்தவர். ஆட்களைத் தெரியாது. அப்போதுதான் கட்கட்டென்று அடித்து ஓய்ந்த தந்தியைக் காகிதத்தில் எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "மாதிரி ஒன்றும் இல்லை, சார்."

"அது என்ன கையில்?"

"இது… இப்போது வந்தது, சார். நல்ல சமாசாரம் இல்லை."

"போஸ்டுமேன் இந்தக் காலத்தில் நல்ல சமாசாரமா கொண்டுபோகிறான்? இப்படிக் கொடுங்கள்" என்று கையை நீட்டினார். வாங்கியதை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே பச்சியப்பன் முன்னால் வைத்தார். "இங்கிலீஷில் படி. வரிக்கு வரி அர்த்தம் சொல்."

பச்சியப்பன் இடுப்பிலிருந்து தோலை எடுத்தான். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா அது? எடு, எடு அப்பால்!" தோல் கீழே போயிற்று. தோல் இல்லாமல் இவன் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? நேரே அடிக்குத்தான் போயிற்று.

அடி வரியை இங்கிலீஷில் படித்தான். "பட்டாளத்து ஆபீசுலருந்துங்க" என்றான். இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, மேலே படிக்கும்படி கையைக் காட்டினார்.

பச்சியப்பன் ஒரு வரி ஏறினான். "காயம்பட்டு ஆஸ்பத்திரியில எறந்துட்டாருங்க."

இன்னொரு வரி ஏறினான். "உங்க மகன். ரொம்ப வருத்தத்தோட தெரிவிச்சுக்கறோமுங்க."

பார்சல் கட்டிய சணலை நான் விரலில் சுற்றிக்கொண்டே நின்றேன். கருப்பி வாயிலிருந்த வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டாள். "ஐயோ சாமி! எந்த மவராசி வவுத்துல நெருப்போ! அவ இப்ப எங்க என்ன பண்ணிக்கிட்டிருக்காளோ!" என்றாள்.

"பரவாயில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "எந்தப் பக்கத்திலிருந்து ஏறினால் என்ன? அர்த்தம் சரியாக இருக்கிறது. இனி மேலே விலாசம். யாருக்கு, எந்த ஊருக்கு. அதைப் படித்துவிட்டால் நீ பாஸ்."

விலாசம். இவன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியது. நான் சணலை விரலிலிருந்து பிரித்தேன். வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

பச்சியப்பனுடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காகிதத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன? படி."

"தெரியலீங்க."

"என்ன தெரியவில்லை?"

"எழுத்து வெளங்கலீங்க."

"தனித்தனி எழுத்தாகத்தானே எழுதியிருக்கிறேன்" என்றார் போஸ்ட் மாஸ்டர் உள்ளேயிருந்து.

"எனக்குப் படிக்கத் தெரியலீங்க, சாமி" என்றான் பச்சியப்பன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈட்டியில் குத்தி ஊர் ஊராகப் படித்தவன்! "டேய், அட்ரஸ்தானேடா! பாத்துச் சொல்றா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். இன்ஸ்பெக்டர் என்னை முறைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "இது உனக்குக் கடைசி சந்தர்ப்பம். தெரியுமல்லவா?"

"தெரியுங்க."

"ஒரே வரி."

"தெரியலீங்க."

இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பச்சியப்பன் எழுந்தான். காகிதத்தை மேஜையில் வைக்கவில்லை. மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் மூடியபடி நாலாக மடித்து, தானே உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் போஸ்ட் மாஸ்டரிடம் கொடுத்து, காதோடு ஏதோ சொன்னான். போஸ்ட் மாஸ்டர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு மலையடி மூட்டையை இழுத்து, அந்தத் தந்தியை அதற்குள் வைத்துக் கட்டினார். அரக்கு வைக்கும்போது பாதி அரக்கு மேஜையில் ஒழுகியது.

பச்சியப்பன் மூட்டையோடு வெளியே வந்தான். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கருப்பி எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சுப்பா? பாஸா?"

"இல்லக்கா. பெயிலு."

"போனாப் போவுது, வுடு. மூஞ்சி பாரு எப்புடி வேர்த்துக் கெடக்குது." முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். "அந்தக் கெட்ட சேதியைப் படிச்சதுல உனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. யாருக்குத்தான் ஒட்டாது? எங் கரியன் லீவுல வரட்டும். அவன் இப்ப இங்கிலீசெல்லாம் பேசறானாம். நாலு வார்த்த உனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்றேன்."

பச்சியப்பன் தலையை ஆட்டினான்.

"எனக்குக் காயிதம் வந்துச்சா, இல்லையா?"

"வூட்டுக்கே கொண்டாறேன்க்கா. நானும் உங்கூடத்தான் வாரேன். நீ சாப்பிட்டயா?"

"காலையில கூழு குடிச்சதுதான். வூட்டுல போயித் தின்னுக்கறேன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணா, அக்காளுக்குச் சோறு வாங்கிக் குடுங்க."

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுபோகிறவன் வந்ததும் வராததுமாக அதைச் சொல்லிவிடமாட்டான். கேட்கவேண்டியவர் சாப்பிட்டாரா என்று முதலில் விசாரிப்பான். சாப்பிடாவிட்டால் சாப்பிட வைப்பான். சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அவர் தொண்டையில் ஒரு பருக்கை இறங்காது. சேதியையும் சொந்தக்காரர்கள் நடுவில், சொந்த வாசலில் வைத்துத்தான் சொல்லவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவன் 'சோறு' என்ற பிறகுதான், அந்த மேல் வரியில் யார் பெயர் இருந்தது என்று எனக்குக் கண் திறந்தது. பார்சலைக் கீழே வைத்துவிட்டேன்.

"எனக்கெதுக்குப்பா கடைச் சோறு? பெயிலானவன் நீ. நீ தின்னு" என்று கருப்பி சிரித்தாள்.

"நானும் திங்கறேன். வா" என்றேன் நான். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் யாருக்கும் லேசில் வாங்கிக் கொடுக்கிறவன் இல்லை.

மண்டிக்கு அடுத்த சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். தையல் இலை போட்டார்கள். அரிசிச் சோற்றைப் பார்த்ததும் கருப்பிக்குச் சந்தோஷம். கரியனுக்கு அரிசிச் சோறு என்றால் உயிர் என்றும், பட்டாளத்தில் தினமும் போடுகிறார்களாம் என்றும் சொல்லிக்கொண்டே பிசைந்தாள். நான் என் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பச்சியப்பன் சாப்பிட்டான். ஒவ்வொரு கவளத்தையும் மருந்து மாதிரி உள்ளே தள்ளினான். அவன் தின்றால்தான் அவளும் தின்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். குழம்பு வந்தபோது அவளுக்கு ஊற்றச் சொன்னான். ரசம் வந்தபோது அவளுக்கு ஊற்றச் சொன்னான். மூட்டை அவன் மடிமேல் இருந்தது. இடது கை அதன் மேலேயே இருந்தது.

"போதும்ப்பா. வவுறு ரொம்பிருச்சு. பொழுதோட மலை சேரோணும்" என்று கருப்பி தண்ணீரைக் குடித்தாள். மீதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு இலையை மடிக்கக் குனிந்தாள்.

பச்சியப்பன் மூட்டையிலிருந்து கையை எடுத்து எட்டி, அவள் இலையின் ஓரத்தைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.